முகம் உருண்டு கைகால் மெலிந்தால்: கார்டிசால் மிகுதியைக் கண்டுபிடித்துக் கையாளும் வழி

வயிறும் முகமும் ஊதிக்கொண்டே போகின்றன, கைகாலில் சதை வற்றுகிறது. சுகரும் பி.பி.யும் ஒரே வருடத்தில் ஜோடியாக வந்து சேர்ந்துவிட்டன. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. வீட்டில் ஒருவர் இப்படி இருந்தால் கார்டிசால் என்ற ஹார்மோனை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் உடனே லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் வீட்டில் இருக்கிற மாத்திரை, களிம்பு, இன்ஹேலர், பொடி, லேகியம் எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் கொட்டுங்கள். பெரும்பாலும் விடை அதிலேயே கிடைத்துவிடும்.

சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளில்தான் கார்டிசால் ஊறுகிறது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை அனுப்பி அதை முடுக்கிவிடும். விடியற்காலையில் ஏறி, எட்டு மணி வாக்கில் உச்சத்தில் இருந்து, நடுராத்திரியில் அடிமட்டத்துக்கு இறங்குவது இதன் இயல்பு. அளவுக்கு மீறிய கார்டிசாலோ அதைப் போல வேலை செய்யும் மருந்தோ மாதக்கணக்கில் உடம்பில் இருந்தால் வருவது குஷிங் சிண்ட்ரோம். இந்த அடையாளங்களுக்கும் பிட்யூட்டரி கட்டிக்கும் உள்ள தொடர்பை 1932-ல் எழுதிய அமெரிக்க மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங்கின் பெயர் அது. உடம்புக்குள்ளேயே கட்டி வந்து கார்டிசால் பெருகுவது அபூர்வம். வெளியிலிருந்து உள்ளே போகும் ஸ்டீராய்டால், அதாவது கார்டிசாலைப் போல வேலை செய்யும் மருந்தால் வருவதுதான் அதிகம்.

தாம்பாளத்தில் என்ன தேடுவது

மாத்திரை அட்டையில் பிராண்டு பெயருக்குப் பக்கத்திலோ பின்பக்கமோ சின்ன எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயர் இருக்கும். பிரெட்னிசலோன், மெத்தில்பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், டெஃப்லசகார்ட் ஆகியவை வாய்வழி ஸ்டீராய்டுகள். ‘லோன்’, ‘சோன்’ என்று முடிகிற பெயரைப் பார்த்தால் நின்று படியுங்கள். (செஃப்ட்ரியாக்சோன் அப்படி முடிந்தாலும் அது ஆன்டிபயாடிக், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.) களிம்பில் குளோபெட்டசால், மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன். இன்ஹேலரிலும் மூக்கு ஸ்ப்ரேயிலும் புடெசொனைடு, ஃபுளுட்டிகசோன். மூட்டில் போடும் ஊசியில் பெரும்பாலும் டிரையாம்சினலோன். ஒரு ஊசியின் பாதிப்பு வாரக்கணக்கில் நிற்கும்.

அட்டையே இல்லாமல் வருகிற மருந்துதான் பெரிய சிக்கல். சளி, மூட்டுவலி என்று சொன்னால் மெடிக்கல் ஷாப்பில் நாலைந்து அட்டையிலிருந்து வெட்டி, காகிதக் கவரில் போட்டு, ‘மூணு வேளைக்கு’ என்று தருகிறார்களே, அந்த செட் மாத்திரை. ஒரு கவரைப் பிரித்துப் பாருங்கள். பெரியது பெரும்பாலும் பாராசிட்டமாலாக இருக்கும். கூடவே உளுந்துப் பருப்பு அளவில் ஒரு குட்டி மாத்திரை கிடந்தால் அது சளி மாத்திரையாகவும் இருக்கலாம், 0.5 மி.கி. ஸ்டீராய்டாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது; கடையில் அட்டையைக் காட்டச் சொல்லி, பெயரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட அன்றே வலி பறந்து, பசி கிளம்பி, விட்ட இரண்டு மூன்று நாளில் வலியெல்லாம் திரும்பி வந்தால் சந்தேகம் வலுக்கிறது. லேபிள் இல்லாத மூட்டுவலிப் பொடி, ஆஸ்துமாப் பொடி, உடம்பு தேற்றும் பொடி ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான். யார் கொடுத்தாலும், எந்த வைத்தியத்தின் பெயரில் கொடுத்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொட்டலத்தைத் தினமும் சாப்பிடக் கூடாது.

அளவைக் கணக்கிட இதை வைத்துக்கொள்ளுங்கள்: பிரெட்னிசலோன் 5 மி.கி. = மெத்தில்பிரெட்னிசலோன் 4 மி.கி. = டெஃப்லசகார்ட் 6 மி.கி. = டெக்ஸாமெத்தசோன் 0.75 மி.கி. = ஹைட்ரோகார்டிசோன் 20 மி.கி. உடம்பு ஒரு நாளில் தானே சுரப்பது ஏறத்தாழ பிரெட்னிசலோன் 5 மி.கி.க்குச் சமம். 0.5 மி.கி. டெக்ஸாமெத்தசோனை மூன்று வேளையும் போட்டால் நாளைக்கு 1.5 மி.கி.; அது பிரெட்னிசலோன் 10 மி.கி.க்குச் சமம். உடம்பின் தேவையைப் போல இரண்டு மடங்கு, அந்தக் குட்டி மாத்திரையிலிருந்து.

படர்தாமரைக்கு வாங்கும் களிம்பைத் தனியாகப் பாருங்கள். பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால் கலந்த டியூப்கள் அரிப்பைச் சட்டென்று அடக்கும். பூஞ்சை அடியில் பரவிக்கொண்டே இருக்கும். அதனால் டியூப் மேல் டியூப் காலியாகும். குளோபெட்டசாலுக்கு வாரத்துக்கு 50 கிராம், தொடர்ந்து 2 வாரம் என்பதுதான் பெரியவர்களுக்கான உச்ச வரம்பு. தொடை இடுக்கு, அக்குள், முகம் ஆகிய இடங்களில் தோல் மெல்லியது. அங்கே தடவினால் இன்னும் அதிகமாக உள்ளே இறங்கும். கைக்குழந்தையின் டயப்பர் புண்ணுக்கு இதைத் தடவி, சில வாரங்களில் கன்னம் உப்பி வருகிற குழந்தைகள் உண்டு. ‘கொழுகொழுவென்று ஆயிட்டான்’ என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் எடை ஏறி உயரம் ஏறாமல் நின்றால் அது ஆரோக்கியமில்லை. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற இடத்தில், பயன்படுத்திய டியூபையும் கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

இட்ராகொனசோல் மாத்திரைக்கும் ஒரு எச்சரிக்கை. படர்தாமரைக்கு வாரக்கணக்கில் எழுதப்படும் இந்த மருந்து, புடெசொனைடு, ஃபுளுட்டிகசோன், மெத்தில்பிரெட்னிசலோன் ஆகியவற்றைக் கல்லீரல் கரைப்பதைத் தடுக்கிறது. வழக்கமான ஆஸ்துமா இன்ஹேலரே இதனால் பல மடங்கு டோஸாக மாறிவிடும். எச்.ஐ.வி.க்குத் தரும் ரிட்டோனவிரும் இதையே செய்யும். எந்த டாக்டரிடம் போனாலும் இன்ஹேலரையும் மருந்தாகச் சொல்லுங்கள்.

கண்டுபிடித்த அன்றே நிறுத்தக் கூடாது

உயிருக்கே ஆபத்தான தவறு இங்கேதான் நடக்கிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். அனுப்புவதை நிறுத்திவிடும், அட்ரீனல் தூங்கிவிடும். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர் திடீரென்று விட்டால் கார்டிசால் எங்கிருந்தும் வராது. வாந்தி, தலைசுற்றல், பி.பி. விழுவது, சுகர் இறங்குவது, மயக்கம் என்று போகும்.

லேப் ரிப்போர்ட்டும் இங்கே குழப்பும். டெக்ஸாமெத்தசோன் சாப்பிடுகிறவரின் காலை கார்டிசாலை அளந்தால் மிகக் குறைவாக வரும். அந்த மருந்து கார்டிசால் டெஸ்டில் தெரியாது. ‘கார்டிசால் கம்மியா இருக்கு, அதிகம்னு சொன்னீங்களே’ என்று குழம்ப வேண்டாம். முகம் ஸ்டீராய்டு மிகுதியைக் காட்டும்போது ரத்தம் கார்டிசால் குறைவைக் காட்டினால், வெளியிலிருந்து ஸ்டீராய்டு வருகிறது என்பதற்கு அதுவே நல்ல தடயம். பிரெட்னிசலோன் இதற்கு நேர்மாறாக டெஸ்டை ஏமாற்றி, இல்லாத கார்டிசாலை இருப்பதாகவும் காட்டக்கூடும்.

குறைக்கும் கணக்கை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். எந்த நோய்க்காகக் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். பொதுவான போக்கு இது: பிரெட்னிசலோன் கணக்கில் 20 முதல் 40 மி.கி. வரை இருப்பவருக்கு வாரம் 5 மி.கி. குறையும். 10-லிருந்து 20 வரை என்றால் ஒன்று முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 2.5 மி.கி. 10-க்குக் கீழே வந்தால் 1 மி.கி. மட்டும். 5 மி.கி.யை எட்டியதும் அங்கே நின்று, அட்ரீனல் விழித்ததா என்று பார்க்க வேண்டும். கடைசி டோஸ் போட்டு 24 மணி நேரமாவது ஆன பிறகு, காலை 8–9 மணிக்கு, அன்றைய மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கொடுங்கள். கார்டிசால் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் நிறுத்தலாம். 5-க்கும் 10-க்கும் நடுவே என்றால் அதே அளவில் தொடர்ந்து, சில வாரம் கழித்து மறுபடி டெஸ்ட். 5-க்குக் கீழே என்றால் சில மாதம் பொறுமை வேண்டும். குறைக்கும்போது மூட்டுவலி, அசதி, மனச்சோர்வு வரும். நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி செட் மாத்திரைக்குப் போகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் போகிறார்கள்.

ஸ்டீராய்டே சாப்பிடாதவருக்கு

தாம்பாளம் சுத்தம் என்றால் உடம்பைப் பார்ப்போம். பருமன், சுகர், பி.பி., ஒழுங்கற்ற மாதவிலக்கு எல்லாம் ஊரில் ஆயிரம் பேருக்கு இருக்கின்றன. அவற்றை வைத்து முடிவு கட்ட முடியாது. நான்கு அடையாளங்களைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். ஒன்று, அகலமான செவ்வூதா வரிகள். வயிறு, தொடை, அக்குளில் 1 செ.மீ.க்கு மேல், அதாவது சுண்டுவிரல் அகலத்துக்கு இருக்கும். பிரசவ வரி வெளிறிப்போகும், இது நிறம் குன்றாது. மாநிறத்திலும் கறுப்பிலும் ஊதா சட்டென்று தெரியாது; டியூப்லைட்டை நம்பாமல் ஜன்னலோர வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு, எங்கே இடித்தது என்றே தெரியாமல் கன்றிப்போகும் தோல். மூன்று, தொடையிலும் தோளிலும் பலம் போவது: குந்தி எழ முடியாது, பஸ் படியில் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் ஏற முடியும், கொடியில் துணி போட கை எழும்பாது. நான்கு, சிவந்து உப்பிய வட்ட முகம். ஆதார் அட்டையில் இருக்கும் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்; தினமும் பார்க்கிறவர்களுக்கு மாற்றம் உறைக்காது.

தேமல் ஓயாமல் வருவது, தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சலும் அழுகையும், சின்ன வயதிலேயே முதுகெலும்பு நொறுங்குவது ஆகியவையும் சேரலாம். பெண்களுக்கு முகத்தில் முடி வந்தால் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி) என்று எழுதி அனுப்பிவிடுவது வழக்கம். அதோடு தொடை பலவீனமும் கன்றலும் இருந்தால் ‘கார்டிசால் பார்க்கலாமா’ என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

டெஸ்ட் தப்பாவது எங்கே

காலையில் ஒரே ஒரு முறை எடுக்கும் சாதாரண கார்டிசால் இந்த நோயைக் கண்டுபிடிக்கப் பயன்படாது. காலையில் எல்லோருக்கும்தான் ஏறியிருக்கும். பயன்படுபவை மூன்று, அவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும்.

டெக்ஸாமெத்தசோன் டெஸ்ட்: இரவு 11 மணிக்கு 1 மி.கி. விழுங்கி, மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தம். நம் ஊரில் 0.5 மி.கி. மாத்திரை சுலபமாகக் கிடைப்பதால் இரண்டு போட வேண்டியிருக்கும். ஒன்று மட்டும் போட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஆரோக்கியமான உடம்பில் கார்டிசால் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழே அடங்கிவிடும். அடங்காவிட்டால் சந்தேகம். ஆனால் காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாய்ன், கார்பமசெப்பின் சாப்பிடுகிறவருக்கு டெக்ஸாமெத்தசோன் சீக்கிரம் கரைந்துபோய், பொய்யாக நோய் காட்டும். கருத்தடை மாத்திரையும் அப்படியே. கருத்தடை மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்டு 6 வாரம் விட்ட பிறகுதான் டெஸ்ட்.

24 மணி நேரச் சிறுநீர்: ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள், ஆபீஸ் கழிவறையில் பாதி போய்விடாது. காலை 6 மணிக்கு முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு, நேரத்தைக் கேனில் எழுதுங்கள். அதன் பிறகு போவதெல்லாம் கேனுக்குள், திங்கள் காலை 6 மணிக்குப் போவதும் சேர்த்து. மலம் கழிக்கும்போது கூடவே போகிற சிறுநீரைத்தான் எல்லோரும் தவற விடுகிறார்கள். முதலில் கேனுக்குக் கொடுத்துவிட்டு உட்காருங்கள். சென்னை வெயிலில் கேனை வெளியே வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைக்கக் கூச்சமாக இருந்தால் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வையுங்கள். டெஸ்ட் நல்லா வரட்டும் என்று ஐந்து லிட்டர் தண்ணீர் குடித்தால் கார்டிசால் பொய்யாக ஏறும். சிறுநீரகம் பழுதானவருக்குப் பொய்யாக இறங்கும். ஒரு தடவை போதாது, குறைந்தது இரண்டு வேண்டும்.

நடுராத்திரி எச்சில்: இரவு 11–12 மணிக்குப் பஞ்சுத் துண்டை வாயில் இரண்டு நிமிடம் போல வைத்து, குழாயில் போட்டு மூடுவது. இதுவும் இரண்டு இரவு. அதற்கு முன் பல் தேய்க்காதீர்கள். ஈறில் ரத்தம் கசிந்தால் கெட்டது. புகையிலை கூடாது. ஸ்டீராய்டு களிம்பு தடவிய கையால் பஞ்சைத் தொடக் கூடாது. ஓ.எம்.ஆர். பக்கம் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு இந்த டெஸ்ட் வேண்டாம். அவர்கள் உடம்புக்கு நடுராத்திரி எப்போது என்று சொல்ல முடியாது.

தொண்டைக்கு நல்லது என்று அதிமதுரம் சப்புகிறவர்கள் டெஸ்டுக்கு முன் அதை நிறுத்துவது நல்லது. கார்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் என்சைமை அது தடுக்கிறது. நோய் உறுதியான பிறகும் தொடவே கூடாது, பி.பி. ஏறி, பொட்டாசியம் இறங்கும்.

கடும் மனச்சோர்வு, மதுப்பழக்கம், கட்டுக்கடங்காத சுகர், கர்ப்பம் ஆகியவையும் கார்டிசாலை ஏற்றும். அதனால் லேசாக ஏறிய ஒரு ரிப்போர்ட்டை வைத்து ஸ்கேனுக்கு ஓடாதீர்கள். ஆரோக்கியமானவருக்கும் ஸ்கேனில் ஏதாவது ஒரு குட்டிக் கட்டி தெரியலாம். அதற்குப் பிறகு மனசு நிம்மதியாக இருக்காது.

எங்கிருந்து வருகிறது

அடுத்தது ஏ.சி.டி.எச். அளவு. எடுத்த ரத்தத்தில் இது சீக்கிரமே அழிந்துபோகும், ஈ.டி.டி.ஏ. என்ற உறையாமல் காக்கும் மருந்து உள்ள குழாயில் எடுத்து, ஐஸில் வைத்து, உடனே பிரிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து எடுத்து, பைக்கில் ஊர் சுற்றி லேபுக்குப் போகும் சாம்பிளில் கொடுக்காதீர்கள். ஏ.சி.டி.எச். அடியோடு குறைந்திருந்தால் கட்டி அட்ரீனலில், சி.டி. ஸ்கேன். மில்லிலிட்டருக்கு 20 பிகோகிராமுக்கு மேல் என்றால் பெரும்பாலும் பிட்யூட்டரி. கான்ட்ராஸ்ட் போட்டு எம்.ஆர்.ஐ. அந்தக் கட்டி பெரும்பாலும் 10 மி.மீ.க்குக் கீழே, கணிசமானவர்களுக்கு ஸ்கேனில் தெரிவதே இல்லை. அப்போது தொடை வழியாகக் குழாய் விட்டு, பிட்யூட்டரியிலிருந்து வழியும் ரத்தத்தை நேரடியாக எடுத்து அளப்பார்கள். நுரையீரல் போன்ற வேறு இடத்துக் கட்டி ஏ.சி.டி.எச். சுரப்பதையும் அதிலேயே பிரித்தறியலாம்.

இந்தக் கட்டத்தில் என்டோகிரைனாலஜி (ஹார்மோன் பிரிவு), நியூரோசர்ஜரி (மூளை அறுவைப் பிரிவு) இரண்டும் சேர்ந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இரண்டும் உண்டு. தனியார் என்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்பதை அட்மிஷனுக்கு முன்பே கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள்.

சிகிச்சையும் அதற்குப் பிறகும்

கட்டியை எடுப்பதுதான் முதல் சிகிச்சை. பிட்யூட்டரிக்கு மூக்கு வழியாக, அட்ரீனலுக்கு லேப்ராஸ்கோப்பி. பிட்யூட்டரி அறுவையில் டாக்டரின் கைப்பழக்கம் முடிவையே மாற்றும். ‘வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

ஆபரேஷனுக்கு முன் கார்டிசாலை அடக்கவோ, கட்டி முழுதும் போகாவிட்டாலோ, மாத்திரை உண்டு: கீட்டோகொனசோல், மெட்டிரபோன், காபர்கோலின். கீட்டோகொனசோல் சாப்பிடும்போது கல்லீரல் டெஸ்ட் ஆரம்பத்தில் வாராவாரம் வேண்டும். அது உடம்பில் சேர வயிற்று அமிலம் தேவை. காலையில் பழக்கமாக பான்டாப்ரசோல் போடுகிறவருக்குச் சரியாக ஏறாது. மருந்து வேலை செய்யவில்லை என்று டோஸை ஏற்றும் முன் இதைச் சொல்லுங்கள்.

கார்டிசால் மிகுதி ரத்தத்தை உறையவைக்கும்; ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ அன்றே காட்டுங்கள். காய்ச்சலையும் அது மறைக்கும். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காய்ச்சல் இல்லாவிட்டாலும் சளிப் பரிசோதனை வேண்டும். சாப்பாட்டில் அப்பளம், ஊறுகாய், கருவாடு ஆகியவற்றை ஒதுக்கினாலே உப்பு ஓரளவு குறையும். எலும்புக்குக் கேழ்வரகும் பாலும் வைட்டமின் டி-யும். பொட்டாசியத்தை ஏற்றும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுகிறவர் தினமும் இளநீர் குடிக்கும் முன் பொட்டாசியம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிட்யூட்டரி ஆபரேஷன் முடிந்த ஒரு வாரத்தில் சோடியம் இறங்கும் ஆபத்து உண்டு. வீட்டுக்கு வந்தபின் தலைவலி, வாந்தி, குழப்பம் வந்தால் ‘மயக்க மருந்தின் மிச்சம்’ என்று விடக் கூடாது. ஏழாம் நாள் வாக்கில் சோடியம் டெஸ்ட் எழுதித் தரச் சொல்லுங்கள். மூக்கிலிருந்து தண்ணீர் போலச் சொட்டினால் உடனே திரும்பிப் போங்கள்.

அதன் பிறகு வரும் மாதங்கள் கடினமானவை. கட்டி போனதும் கார்டிசால் அடியோடு விழுகிறது. ஆபரேஷன் வெற்றி என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் உடம்பெல்லாம் வலிக்கும், தோல் உரியும், எழவே மனம் வராது. வழக்கமாக ஹைட்ரோகார்டிசோன் நாளைக்கு 15 முதல் 25 மி.கி.: எழுந்ததும் 10, மதியம் 5, மாலை நாலு மணிக்கு 5 என்பது போல. ராத்திரி போட்டால் தூக்கம் கெடும். இது 6 மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு இன்னும் நீளும். தொடை பலம் திரும்ப, சுவரோரம் நாற்காலி போட்டுக் கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். முடியாதவர் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டி ஆரம்பியுங்கள். மெரினா மணலில் நடப்பது இப்போதைக்கு வேண்டாம், எலும்பு பலவீனமாக இருக்கும்போது சறுக்கினால் இடுப்பு போகும். நோய் பல வருடம் கழித்தும் திரும்பலாம் என்பதால் வருடம் ஒரு முறை நடுராத்திரி எச்சில் டெஸ்ட்.

காய்ச்சல் நாளுக்கு முன்னேற்பாடு

ஹைட்ரோகார்டிசோன் சாப்பிடுகிறவர், ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டு வருகிறவர் இருவருக்கும் இது பொருந்தும். 100.4 டிகிரி தாண்டினால் அன்றைய டோஸை இரட்டிப்பாக்க வேண்டும், 102 தாண்டினால் மூன்று மடங்கு. காய்ச்சல் விட்டதும் ஓரிரு நாளில் பழைய அளவு. பல் பிடுங்கினாலும், எந்த ஆபரேஷன் என்றாலும் முன்கூட்டிச் சொல்லுங்கள். வாந்தியோ கடும் பேதியோ வந்தால் மாத்திரை நிற்காது; ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி தொடையில் போட வேண்டும். ஒரு குப்பி, 2 மி.லி. தண்ணீர் ஆம்பூல், சிரிஞ்சு மூன்றையும் ஒரே டப்பாவில் வீட்டில் வைத்து, கலந்து போடுவதை நர்ஸிடம் ஒருமுறை வீட்டார் இருவராவது பழகிக்கொள்ளட்டும். மே மாதத்தில் அதை ஸ்கூட்டர் டிக்கியில் வைக்காதீர்கள். ஊசி போட்ட பிறகும் 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆம்புலன்ஸில் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி போன் கவருக்குள் செருகி வையுங்கள்: ‘இவருக்கு அட்ரீனல் சுரப்பி வேலை செய்யவில்லை, ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசியும் சலைனும் உடனே வேண்டும்.’